சமநோக்கு வளைகோட்டின் பண்புகளைத் தாளில் வரைந்து நிறுவுவது எப்படி?

படிவம் ஆறிலும் பல்கலைக்கழக முதலாண்டிலும் பொருளியல் படிக்கும் நம் பிள்ளைகளிடம், ஒருவருக்கு ஒரே மனநிறைவைத் தரும் இரு பண்டச் சேர்க்கைகளை இணைக்கும் சமநோக்கு வளைகோட்டின் பண்புகளைக் கேட்டால், பெரும்பாலோர் தடையின்றி ஒப்பிக்கிறார்கள்: அது இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரியும்; ஆதிப்புள்ளியை நோக்கிக் குவிந்திருக்கும்; இரு வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டா; மேலே இருக்கும் வளைகோடு கூடுதல் மனநிறைவைக் குறிக்கும். ஏன் சரிகிறது, எப்போது சரியாது என்று அடுத்த கேள்வியைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது. பினாங்கில் மாலை வகுப்புகளில் இப்பாடத்தைச் சொல்லிக்கொடுத்து வரும் எனக்கு, இந்தப் பட்டியலை மனப்பாடம் செய்வதே மாணவரின் புரிதலைத் தடுக்கிறது என்ற எண்ணம் உறுதிப்பட்டிருக்கிறது. நுகர்வோரின் விருப்பத்தைப் பற்றி நாம் செய்துகொள்ளும் சில எடுகோள்களை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பண்பையும் சில நிமிடங்களில் தாளில் வரைந்து நிறுவிவிடலாம். எடுகோள்களில் ஒன்று மாறும்போது வளைகோட்டின் வடிவம் எவ்வாறு மாறும் என்பதையும் வரைவதற்கு முன்பே சொல்லிவிடலாம். அதற்கான வழியைக் கீழே படிப்படியாகத் தருகிறேன். மலாய்ப் பாடநூலில் இதைக் ‘கெலுக் புவாஸ் சாமா’ என்று படித்தவர்களும் இவ்வழியைத் தயக்கமின்றிப் பின்பற்றலாம்.

விருப்பத்தைத் தாளில் பதித்தல்

ஒரு கட்டத்தாளும் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் நண்பர் ஒருவரையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். இரண்டு பண்டங்கள் போதும். பினாங்கில் இருப்பவர்களுக்கு எளிதில் மனத்தில் பதியும்படி, கிடை அச்சில் ஒரு மாதத்தில் உண்ணும் நாசி கண்டார் (குழம்புச் சோறு) தட்டுகளையும், செங்குத்து அச்சில் ஒரு மாதத்தில் அருந்தும் செண்டோல் (குளிர்ந்த இனிப்பு) கிண்ணங்களையும் குறித்துக்கொள்வோம். ‘ஒரு மாதத்தில்’ என்ற கால அளவை அச்சின் அருகே எழுத மறக்காதீர்கள். ஒரு வேளைக்கு 12 கிண்ணம் செண்டோல் என்பதும் ஒரு மாதத்துக்கு 12 கிண்ணம் என்பதும் முற்றிலும் வேறான செய்திகள். தாளில் விலையோ வருமானமோ இப்போது எங்கும் வரக்கூடாது. சமநோக்கு வளைகோடு விருப்பத்தை மட்டும் காட்டுவது. எதை வாங்க முடியும் என்பது தனிக் கேள்வி, அதற்குத் தனிக் கோடு இருக்கிறது. வளைகோடு சரிவதற்கு விலையைக் காரணம் காட்டும் விடைகளை அடிக்கடி காண்கிறேன். அது இந்த இரண்டு கேள்விகளையும் கலந்துவிடுவதால் வரும் பிழை.

இனி நண்பரிடம் 4 தட்டும் 6 கிண்ணமும் கொண்ட சேர்க்கையை அடிப்படையாகச் சொல்லி, வேறொரு சேர்க்கையை அதன் எதிரே வைத்து, எது வேண்டும் என்று கேளுங்கள். முதலாவது வேண்டும், இரண்டாவது வேண்டும், எது கிடைத்தாலும் எனக்கு ஒன்றுதான் என்ற மூன்று விடைகளில் ஒன்று வரும். மூன்றாவது விடை வந்த சேர்க்கைகளை மட்டும் புள்ளிகளாகக் குறியுங்கள். எடுத்துக்காட்டாக, 2 தட்டு 12 கிண்ணம், 3 தட்டு 8 கிண்ணம், 4 தட்டு 6 கிண்ணம், 6 தட்டு 4 கிண்ணம், 8 தட்டு 3 கிண்ணம், 12 தட்டு 2 கிண்ணம் ஆகிய ஆறும் நம் நண்பருக்கு ஒன்றுதான் என்று கொள்வோம். கணக்குக்கு வசதியாக, தட்டுகளையும் கிண்ணங்களையும் பெருக்கினால் 24 வரும்படி இவற்றைத் தேர்ந்திருக்கிறேன். இந்தப் புள்ளிகளைச் சீராக இணைத்தால் கிடைப்பதே ஒரு சமநோக்கு வளைகோடு. பெருக்குத்தொகை 36 வரும் சேர்க்கைகளை இணைத்தால் இன்னொன்று கிடைக்கும். இப்படிப் பல வளைகோடுகள் சேர்ந்தது சமநோக்கு வரைபடம்.

இந்தச் சிறு பயிற்சிக்குள்ளேயே மூன்று எடுகோள்கள் வந்துவிட்டன என்பதைக் கவனியுங்கள். எந்த இரு சேர்க்கைகளைக் காட்டினாலும் நண்பரால் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது என்பது முழுமை. முதலாவதும் இரண்டாவதும் ஒன்று, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று என்று சொன்னவர், முதலாவதும் மூன்றாவதும் ஒன்று என்றே சொல்வார் என்பது முரணின்மை. கணிதத்தில் இதைக் கடப்புப் பண்பு என்பார்கள். அளவில் நேரும் மிகச் சிறு மாற்றத்தால் விருப்பம் திடீரென்று தாவிவிடாது என்பது தொடர்ச்சி; இது இருப்பதால்தான் ஆறு புள்ளிகளை இடைவெளியின்றிக் கோடாக இணைக்கும் உரிமை நமக்குக் கிடைக்கிறது. தட்டுகள் எத்தனை இருந்தாலும் அதிகத் தட்டு உள்ளதே மேல், தட்டுகள் சமமானால் மட்டுமே கிண்ணங்களை எண்ணிப் பார்ப்பேன் என்று ஒருவர் பிடிவாதமாக இருந்தால், அவருக்கு எந்த இரு வேறு சேர்க்கைகளும் ஒன்றாகா. அவருக்குச் சமநோக்கு வளைகோடே இல்லை. அத்தகைய விருப்பத்தை, ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஓர் எண் தரும் எந்தப் பயன்பாட்டுச் சார்பாலும் எழுத முடியாது என்பதை 1954-இல் பொருளியலறிஞர் ஜெரார்டு தெப்ரூ எடுத்துக்காட்டினார்.

வளைகோட்டின் மேல் எழுதிய 24, 36 என்ற எண்கள் மனநிறைவின் அளவுகள் அல்ல. 24-ஐ 1 என்றும் 36-ஐ 2 என்றும் மாற்றி எழுதினாலும், இரண்டையும் வர்க்கமாக்கி 576, 1296 என்று எழுதினாலும், வளைகோடுகள் இம்மியும் நகர்வதில்லை. எது மேல், எது கீழ் என்ற வரிசையும் மாறுவதில்லை. 36-ஆம் வளைகோட்டில் இருப்பவருக்கு 24-இல் இருப்பவரைப்போல் ஒன்றரை மடங்கு மனநிறைவு என்று சொல்ல இடமே இல்லை. பொருளியல் இந்த இடத்துக்கு வந்துசேர அரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. 1881-இல் பொருளியலறிஞர் எட்ஜ்வொர்த் சமநோக்கு வளைகோட்டை அறிமுகப்படுத்தியபோது, மனநிறைவை அளக்க முடியும் என்றே நம்பினார். 1906-இல் பரேட்டோ அந்த வரிசையைத் திருப்பி, வளைகோடுகளையே தொடக்கமாகக் கொண்டால் போதும் என்று காட்டினார். 1934-இல் ஹிக்ஸும் ஆலனும் சேர்ந்து எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான், தரவரிசையை மட்டும் கொண்டு தேவைக் கோட்பாடு முழுவதையும் எழுப்பலாம் என்பது பாடநூல்களுக்குள் நிலைபெற்றது.

சரிவை நிறுவுதல்

அடிப்படைப் புள்ளியான (4, 6) வழியாக ஒரு கிடைக்கோடும் ஒரு செங்குத்துக்கோடும் வரையுங்கள். தாள் நான்கு பகுதிகளாகப் பிரியும். வலப்பக்க மேற்பகுதியில் உள்ள எந்தச் சேர்க்கையிலும் இரண்டு பண்டங்களும் கூடுதலாக இருக்கின்றன. கூடுதலாகக் கிடைப்பதே நல்லது என்ற எடுகோளை ஏற்றுக்கொண்டால், அப்பகுதி முழுவதும் அடிப்படைப் புள்ளியைவிட மேலானது. அங்கே சமநோக்குப் புள்ளி ஒன்றுகூட இருக்க முடியாது. இடப்பக்கக் கீழ்ப்பகுதியில் இரண்டும் குறைவு. எனவே அது முழுவதும் கீழானது, அங்கும் இருக்க முடியாது. எஞ்சுவன இடப்பக்க மேற்பகுதியும் வலப்பக்கக் கீழ்ப்பகுதியும் மட்டுமே. வளைகோடு அவ்விரு பகுதிகளின் வழியாகவே செல்லவேண்டியிருப்பதால், இடமிருந்து வலமாகச் செல்லும்போது அது இறங்கித்தான் ஆகவேண்டும். ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றைக் குறைத்தால்தான் மனநிறைவு பழைய நிலையில் நிற்கும் என்பதே இதன் உள்ளடக்கம்.

வளைகோடு ஏன் பட்டையாகத் தடித்திருக்காது என்ற கேள்விக்கும் இதே எடுகோள் விடை தருகிறது. தடித்த பட்டையாக இருந்தால் அதற்குள் ஒரு புள்ளியையும், அதற்குச் சற்று வலப்புறமாகவும் மேலாகவும் இன்னொரு புள்ளியையும் குறிக்கலாம். இரண்டாவதில் இரண்டு பண்டங்களும் கூடுதலாக இருந்தும் இரண்டும் ஒன்றே என்று சொல்லவேண்டி வரும். அது எடுகோளுக்கு நேர்முரணானது.

மேலே உள்ள வளைகோடு மேலானது என்பதை நிறுவும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும். 36-ஆம் வளைகோட்டில் உள்ள (12, 3) என்ற புள்ளியை 24-ஆம் வளைகோட்டில் உள்ள (2, 12) என்ற புள்ளியோடு ஒப்பிடுங்கள். முன்னதில் செண்டோல் மிகக் குறைவு. ஆகவே ‘கூடுதலாக இருப்பதால் மேலானது’ என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. இடையில் (12, 2) என்ற புள்ளியைக் கொண்டுவாருங்கள். (12, 3) என்பது (12, 2)-ஐவிட மேலானது, ஏனெனில் தட்டுகள் சமமாக இருக்கக் கிண்ணம் ஒன்று கூடியிருக்கிறது. (12, 2)-ம் (2, 12)-ம் ஒரே வளைகோட்டில் உள்ளன. ஆகவே முரணின்மைப்படி (12, 3) என்பது (2, 12)-ஐவிட மேலானது. தேர்வில் இந்த இடைப்புள்ளியைக் காட்டி எழுதும் மாணவர், பண்பைப் புரிந்துகொண்டுதான் எழுதுகிறார் என்பது திருத்துபவருக்கு உடனே தெரிந்துவிடும்.

வெட்டாமையை நிறுவுதல்

இரு வளைகோடுகள் ஒரு புள்ளியில் வெட்டுவதாக வேண்டுமென்றே தவறாக வரைந்துகொள்ளுங்கள். வெட்டும் புள்ளிக்குக் ‘க’ என்று பெயரிடுங்கள். பிறகு ஆதிப்புள்ளியிலிருந்து, ‘க’ வழியாகச் செல்லாதபடி, ஒரு நேர்க்கோட்டை வெளிநோக்கி இழுத்து, அது இரு வளைகோடுகளையும் வெவ்வேறு இடங்களில் சந்திக்கும்படி அமையுங்கள். அருகில் சந்திக்கும் புள்ளி ‘ச’, தொலைவில் சந்திக்கும் புள்ளி ‘த’. இவ்விரண்டும் ஆதியிலிருந்து புறப்பட்ட ஒரே நேர்க்கோட்டில் இருப்பதால், தொலைவில் உள்ள ‘த’வில் இரண்டு பண்டங்களும் நிச்சயமாகக் கூடுதலாக இருக்கும். புள்ளிகளைக் கண்ணளவில் குறிப்பவர்கள் இந்த நேர்க்கோட்டை விட்டுவிடுகிறார்கள். அதனால் ‘த’வில் ஒரு பண்டம் கூடி மற்றொன்று குறைந்து, நிறுவல் பாதியில் நின்றுபோகிறது.

இனி மூன்று வாக்கியங்கள் போதும். ‘க’வும் ‘ச’வும் ஒரே வளைகோட்டில் உள்ளன, ஆகவே ஒன்றே. ‘க’வும் ‘த’வும் மற்றொரு வளைகோட்டில் உள்ளன, ஆகவே அவையும் ஒன்றே. எனவே முரணின்மைப்படி ‘ச’வும் ‘த’வும் ஒன்றாக இருக்கவேண்டும், ஆனால் ‘த’வில் இரண்டும் கூடுதலாக இருப்பதால் அது மேலானதாக இருக்கவேண்டும். இரண்டும் சேர்ந்து நிற்க முடியாது.

இந்த நிறுவலில் எந்த எடுகோள் எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்துப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. முரணின்மையை மட்டும் வைத்துக்கொண்டால், ‘வெட்டும் இரு வளைகோடுகள் வெவ்வேறு மனநிறைவைக் குறிக்க முடியாது’ என்பது வரைக்கும்தான் செல்லலாம். வெட்டும் இரண்டும் சேர்ந்து ஒரே சமநோக்குத் தொகுதியின் இரு கிளைகளாக இருக்கும் வாய்ப்பு அப்போதும் எஞ்சி நிற்கும். கூடுதலே நல்லது என்ற எடுகோளைச் சேர்த்த பிறகுதான் அந்த வாய்ப்பும் அடைபடுகிறது.

வெட்டாதவை யாவும் இணைகோடுகள் என்று எண்ணிவிடக்கூடாது. இரு வளைகோடுகளுக்கு இடையே உள்ள தொலைவு ஓரிடத்தில் குறுகியும் மற்றோரிடத்தில் விரிந்தும் இருக்கலாம். அதேபோல், வளைகோடு அச்சுகளைத் தொடாது என்று பல குறிப்பேடுகளில் ஒரு பண்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. மேலே கண்ட எடுகோள்கள் எதிலிருந்தும் அது பிறப்பதில்லை. செண்டோலே இல்லாவிட்டாலும் போதிய நாசி கண்டார் கொடுத்தால் ஈடாகிவிடும் என்று சொல்லும் ஒருவரின் வளைகோடு கிடை அச்சைத் தொட்டே தீரும். அதில் தவறேதும் இல்லை.

குவிவை நிறுவுதல்

மற்றப் பண்புகள் ஓரிரு வாக்கியங்களில் முடிய, குவிவுக்கு மட்டும் கூடுதல் நேரம் ஒதுக்குமாறு மாணவர்களிடம் நான் வற்புறுத்துகிறேன். சந்தையில் நாம் காணும் கலப்பு நுகர்வுக்கான விளக்கம் இதற்குள்தான் இருக்கிறது.

முன்பு குறித்த ஆறு புள்ளிகளுக்குத் திரும்புங்கள். 2 தட்டிலிருந்து 3 தட்டுக்குச் செல்லும்போது நண்பர் 4 கிண்ணங்களை விட்டுக்கொடுக்கிறார். 3-லிருந்து 4-க்குச் செல்லும்போது 2 கிண்ணங்கள். 4-லிருந்து 6-க்குச் செல்ல இரண்டு தட்டுக்கு 2 கிண்ணங்கள், அதாவது தட்டுக்கு 1 கிண்ணம். 6-லிருந்து 8-க்கு, தட்டுக்கு அரைக் கிண்ணம். 8-லிருந்து 12-க்கு, தட்டுக்குக் கால் கிண்ணம். மேலும் ஒரு தட்டுக்காக அவர் விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கும் கிண்ணங்களின் எண்ணிக்கையே இறுதிநிலைப் பதிலீட்டு வீதம். வளைகோட்டின் சாய்வை எதிர்க்குறி நீக்கிப் பார்ப்பதும் அதுவே. தட்டுகள் பெருகப் பெருக, கிண்ணங்கள் அரிதாக அரிதாக, இந்த வீதம் 4, 2, 1, அரை, கால் என்று குறைந்துகொண்டே செல்கிறது. சாய்வு இப்படித் தணிந்து செல்லும் கோடுதான் ஆதிப்புள்ளியை நோக்கி வயிற்றைத் தள்ளியபடி குவிந்து நிற்கும்.

இரண்டு புள்ளிகளுக்கு இடையே கணக்கிட்டது சராசரி வீதம். ஒரே புள்ளியில் வீதம் வேண்டுமானால், அந்தப் புள்ளியில் தொடுகோடு வரைந்து அதன் சாய்வை அளக்கவேண்டும். நாம் எடுத்த பெருக்குத்தொகை வடிவத்தில் கிண்ணங்களைத் தட்டுகளால் வகுத்தாலே அது கிடைத்துவிடும். (4, 6) என்ற புள்ளியில் 6-ஐ 4-ஆல் வகுக்க 1.5. அதற்கு முன்பின் கண்ட 2, 1 ஆகிய சராசரி வீதங்களுக்கு நடுவே அது அமைவதைப் பாருங்கள்.

குவிவைச் சோதிக்க இன்னொரு வழி, எனக்கு மிகவும் பிடித்த வழி, கலவைச் சோதனை. ஒரே வளைகோட்டில் இரு முனைகளை எடுங்கள்: (2, 12), (12, 2). இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் (7, 7). அதன் பெருக்குத்தொகை 49. 24-ஆம் வளைகோட்டை விட்டு வெகுதூரம் மேலே சென்றுவிட்டது. இரு முனைகளும் ஒன்றாக மதிக்கப்படும்போது அவற்றின் கலவை இரண்டையும்விட மேலாக மதிக்கப்படுகிறது என்பதே குவிவின் பொருள். நண்பரின் விடைகளில் குவிவு இருக்கிறதா என்று அறிய, வீதங்களைக் கணக்கிடாமலேயே இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடலாம்.

இங்கே ஒரு தவறான விளக்கத்தைக் களையவேண்டும். ஒவ்வொரு கூடுதல் அலகும் முந்தையதைவிடக் குறைந்த மனநிறைவையே சேர்க்கும் என்ற, குறைந்து செல்லும் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியால்தான் வளைகோடு குவிகிறது என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பெருக்குத்தொகையை வர்க்கமாக்கி அதையே பயன்பாடு என்று கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு கூடுதல் தட்டும் முந்தைய தட்டைவிட அதிக எண்ணைச் சேர்க்கும். அதாவது இறுதிநிலைப் பயன்பாடு குறையாமல் ஏறிச் செல்லும். ஆயினும் வளைகோடுகள் முன்பு வரைந்த அதே வளைகோடுகள், அதே குவிவு. எண்களை எப்படி மாற்றினாலும் நிலைத்து நிற்பது பதிலீட்டு வீதம் மட்டுமே. குவிவுக்கான காரணத்தையும் அங்கேதான் தேடவேண்டும்.

எடுகோள் மாறும்போது

பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு வேலைக்கு வரும் ஒருவருக்கு, ஃபெர்ரியில் கடலைக் கடப்பதும் பாலத்தின் வழியே பேருந்தில் வருவதும் முற்றிலும் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். ஒரு பயணத்துக்கு ஈடு எப்போதும் மற்றொரு பயணம்தான். பதிலீட்டு வீதம் குறையாமல் 1-இலேயே நிற்பதால் வளைகோடு நேர்க்கோடாகிவிடுகிறது. இதற்கு எதிர்முனையில் திருமணத் தாம்பூலப் பை நிற்கிறது. பைக்கு ஒரு தேங்காய் என்பது கணக்கானால், 200 பைகளும் 200 தேங்காய்களும் வாங்கியவருக்கு இன்னும் 50 தேங்காய் வந்தாலும் பைகள் இல்லாமல் பயனில்லை. அவ்வளைகோடு செங்கோணமாக மடிந்து நிற்கும். மூலையில் பதிலீட்டு வீதம் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. புரட்டாசியில் அசைவம் விலக்கியவருக்கு ஆட்டிறைச்சி கூடினாலும் குறைந்தாலும் ஒன்றே என்றால், இறைச்சியைக் கிடை அச்சில் வைத்து வரையும்போது வளைகோடு கிடைக்கோடாகவே செல்லும்.

கூடுதலே நல்லது என்ற எடுகோள் உடையும் இடம் இன்னும் சுவையானது. 1997, 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டைக் கடுமையாக மூடிய புகைமூட்டத்தை எண்ணிப் பாருங்கள். புகைமூட்ட நாட்களைக் கிடை அச்சிலும் மாத வருமானத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்தால், நாட்கள் கூடக் கூட ஈடாக வருமானமும் கூடினால்தான் ஒருவர் பழைய மனநிறைவில் இருப்பார். வளைகோடு மேல்நோக்கி ஏறும். மேலான திசை இடப்பக்க மேற்பகுதியாக மாறிவிடும். நான்கு பகுதிகளாகப் பிரிக்கும் அதே முறையை இங்கும் செய்து பார்த்தால் இது தானாகவே விளங்கும். வழக்கமான வடிவமே வேண்டும் என்றால், அச்சில் புகையில்லாத நாட்களை எழுதுங்கள். வளைகோடு மீண்டும் சரியத் தொடங்கும்.

குவிவு மட்டும் உடையும் நிலையும் உண்டு. மிருதங்கத்திலும் வீணையிலும் பாதிப் பாதி நேரம் செலவிடுவதைவிட ஏதேனும் ஒன்றில் முழுமையாக மூழ்குவதே மேல் என்று கருதும் மாணவருக்குக் கலவை முனைகளைவிடத் தாழ்ந்தது. அவருடைய வளைகோடு வெளிநோக்கி வளையும்.

விலையும் வருமானமும் சேரும்போது

இப்போதுதான், எதை வாங்க முடியும் என்பதைக் காட்டும் விலைக்கோட்டை வரையவேண்டும். நாசி கண்டார் தட்டு 12 வெள்ளி (ரிங்கிட்), செண்டோல் கிண்ணம் 8 வெள்ளி, இவ்விரண்டுக்கும் மாதம் ஒதுக்கிய தொகை 96 வெள்ளி என்று கொள்வோம். கிடை அச்சில் 8 தட்டையும் செங்குத்து அச்சில் 12 கிண்ணத்தையும் குறித்து நேர்க்கோட்டால் இணையுங்கள். அதன் சாய்வு 12-ஐ 8-ஆல் வகுத்தது, அதாவது 1.5. சந்தை ஒரு தட்டுக்கு ஒன்றரைக் கிண்ணம் கேட்கிறது. நண்பரும் ஒன்றரைக் கிண்ணம் கொடுக்கச் சம்மதிக்கும் இடம் (4, 6) என்று முன்பே கண்டோம். 48 வெள்ளியும் 48 வெள்ளியுமாகச் செலவும் சரியாக 96 ஆகிறது. 24-ஆம் வளைகோடு விலைக்கோட்டை அந்தப் புள்ளியில் தொட்டுச் செல்கிறது. அதற்கு மேலுள்ள எந்த வளைகோட்டையும் இந்தத் தொகையால் எட்ட முடியாது.

தொடுபுள்ளி கண்டவுடன் சமநிலை என்று எழுதிவிடாமல், வளைகோட்டின் குவிவை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வளைகோடு வெளிநோக்கி வளைந்திருந்தால், தொடுபுள்ளி அந்த விலைக்கோட்டிலேயே மிகக் குறைந்த மனநிறைவைத் தருவதாகிவிடும். உண்மையான தேர்வு ஏதேனும் ஓர் அச்சின் முனையில் இருக்கும். நேர்க்கோட்டு வளைகோடுகளுக்கும் பெரும்பாலும் முனையே விடை: ஃபெர்ரிக் கட்டணம் பேருந்துக் கட்டணத்தைவிடக் குறைவாக இருந்தால், மேலே சொன்ன பயணி எல்லா நாளும் ஃபெர்ரியிலேயே வருவார்.

மைகார்டில் வந்த நூறு வெள்ளி

கற்றதைச் சோதிக்க, அண்மையில் நாம் அனைவரும் பெற்ற ஓர் உதவியையே கணக்காக எடுத்துக்கொள்ளலாம். 18 வயதும் அதற்கு மேலும் ஆன மலேசியக் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், 2025 ஆகஸ்டு 31 முதல் அவ்வாண்டு இறுதி வரை பயன்படுத்தும்படி, சாரா என்ற அடிப்படை உதவித் திட்டத்தின் கீழ் 100 வெள்ளி மைகார்டு என்ற அடையாள அட்டையில் சேர்க்கப்பட்டது. அதைப் பங்கேற்கும் கடைகளில், அரிசி, முட்டை, சமையல் எண்ணெய் போன்ற குறிப்பிட்ட பொருள்களுக்கு மட்டுமே செலவிட முடிந்தது. இதே தொகையைப் பணமாகக் கொடுத்திருந்தால் மக்களின் மனநிறைவு கூடியிருக்குமா?

கிடை அச்சில் அந்த அடிப்படைப் பொருள்களுக்கான செலவையும், செங்குத்து அச்சில் மற்ற எல்லாச் செலவையும் வெள்ளியில் குறியுங்கள். பணமாக வந்தால் விலைக்கோடு முழுவதும் 100 வெள்ளி வெளியே நகரும். மைகார்டில் வந்தால், செங்குத்து அச்சில் பழைய வருமானத்தின் உயரத்திலிருந்து 100 வெள்ளி வரை கோடு கிடையாகச் சென்று, அங்கே ஒரு மூலை திரும்பி, அதன் பிறகே பணக்கோட்டின் மேல் சரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, மூலைக்கு இடப்புறம் மேலே வெட்டப்பட்டுவிட்ட ஒரு சிறு முக்கோணம்தான்.

மாத வருமானம் 2,900 வெள்ளி உள்ள ஒரு குடும்பம், வருமானம் எவ்வளவானாலும் அதில் ஐந்தில் ஒரு பங்கை இப்பொருள்களுக்குச் செலவிடுவதாகக் கொள்வோம். உதவி பணமாக வந்தால் 3,000-இல் 600 வெள்ளியைச் செலவிடும். அந்தப் புள்ளி மூலைக்கு வெகு வலப்புறம் இருப்பதால், மைகார்டில் வந்தாலும் அதே 600 வெள்ளிதான். முன்பு 580 வெள்ளி செலவிட்ட குடும்பம் இப்போது 20 வெள்ளி மட்டுமே கூடுதலாகச் செலவிடுகிறது. மீதி 80 வெள்ளி மற்றச் செலவுகளுக்கு விடுபடுகிறது. இத்தகைய குடும்பத்துக்கு இரண்டு வழிகளும் ஒரே வளைகோட்டில் கொண்டுசேர்க்கின்றன.

ஜார்ஜ்டவுனில் அறை எடுத்துத் தங்கி, பெரும்பாலும் கடையிலேயே சாப்பிடும் ஓர் இளைஞரை அடுத்து எடுங்கள். மாத வருமானம் 1,900 வெள்ளி. அதில் நூற்றில் 4 பங்கு, அதாவது 76 வெள்ளி, இப்பொருள்களுக்குச் செல்கிறது; வருமானம் எவ்வளவானாலும் இந்தப் பங்கு மாறாது என்று கொள்வோம். பணமாகக் கொடுத்தால் 2,000-இல் 80 வெள்ளியைத்தான் செலவிடுவார். மைகார்டில் வந்தால் அந்தப் புள்ளி வெட்டப்பட்ட முக்கோணத்துக்குள் விழுவதால், அவர் மூலையிலேயே, 100 வெள்ளிப் பொருளும் 1,900 வெள்ளி மற்றச் செலவுமாக நிற்பார். அங்கே வளைகோடு விலைக்கோட்டைத் தொடுவதில்லை. பங்கு மாறாதவரின் பதிலீட்டு வீதம், பங்குகளின் விகிதத்தைச் செலவுகளின் விகிதத்தால் பெருக்கினால் வரும்: 4-ஐ 96-ஆல் வகுத்து, அதை 1,900-ஐ 100-ஆல் வகுத்த விடையான 19-ஆல் பெருக்கினால், ஏறத்தாழ 0.79 கிடைக்கும். கடைசி ஒரு வெள்ளிப் பொருளை 79 காசுப் பணத்துக்கு அவர் விட்டுக்கொடுக்கச் சம்மதிப்பார் என்று பொருள்.

இதைக் கண்டு 100 வெள்ளியும் அவருக்கு 79 வெள்ளிதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள், 0.79 என்பது கடைசி வெள்ளியின் மதிப்பு மட்டுமே. முந்தைய வெள்ளிகள் பெரும்பாலும் அவர் எப்படியும் செலவிட்டிருக்கக்கூடியவை. மூலை வழியாகச் செல்லும் வளைகோட்டை வரைந்து, அதைத் தொடும்படி, பணக்கோட்டுக்கு இணையாக இன்னொரு கோட்டை உள்ளே வரையுங்கள். அந்தக் கோடு செங்குத்து அச்சை ஏறத்தாழ 1,997 வெள்ளி 75 காசில் சந்திக்கும். அதாவது, மைகார்டில் வந்த 100 வெள்ளி அவருக்கு 97 வெள்ளி 75 காசுப் பணத்துக்கு ஈடானது. இழப்பு 2 வெள்ளி 25 காசு. இதே இளைஞருக்குத் தொகையை 300 வெள்ளியாக உயர்த்தி மூலையை நகர்த்தி வரைந்து பாருங்கள். முக்கோணம் பெரிதாகி, இழப்பும் விரைவாகப் பெருகுவதை அளவுகோலாலேயே அளந்துவிடலாம்.